நீ முதல்ல போ

டுவேன்: இரு, இரு... இன்னும் உள்ள போகாதே.

ஆர்டிஸ்: போகல.

டுவேன்: சக்கரம் மஞ்சக் கோட்டைத் தாண்டிடுச்சு.

ஆர்டிஸ்: உனக்கு எப்படித் தெரியும்? கோடு உனக்கு இடது பக்கம். இடது பக்கம் உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுதானே டாக்டர் லைசென்ஸைப் பிடுங்கினார்.

டுவேன்: கண்ணு தெரியலைன்னா காதும் கேக்காதா? கோட்டு மேல ஏறினா டயர் சத்தம் மாறும்.

ஆர்டிஸ்: இப்ப மாறுச்சா?

டுவேன்: மாறப் போகுதுன்னு தோணுச்சு.

ஆர்டிஸ்: தோணுச்சாம்.

டுவேன்: சரி, முதல்லேர்ந்து சொல்றேன், கேட்டுக்கோ. ரோட்டுல அஞ்சு லேன். வலது ஓரமா நமக்கு ரெண்டு, இடது ஓரமா எதிர்ல வர்றவனுக்கு ரெண்டு. நடுவுல ஒண்ணு. அது நமக்கும் சொந்தம், அவனுக்கும் சொந்தம். இடது பக்கம் திரும்பணும்னு இருக்கிறவன் மட்டும்தான் அதுல...

ஆர்டிஸ்: நுழையணும். நுழைஞ்சு நிக்கணும். எதிர்ல வர்ற வண்டியெல்லாம் போனதும் குறுக்க வெட்டித் திரும்பணும். நேத்தும் சொன்ன. முந்தா நாளும் சொன்ன.

டுவேன்: சொன்னா என்ன? பதினஞ்சு வருஷமா இந்த லேனைக் கண்டாலே நடுங்குறவ நீ. நூறு தடவை சொன்னாலும் தகும்.

ஆர்டிஸ்: சொல்லு சாமி, சொல்லு. நான் ஓட்டிக்கிட்டே கேக்குறேன்.

டுவேன்: வாசல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நுழைஞ்சா போதும். சில பேர் மளிகைக் கடைக்குத் திரும்பணும்னா சர்ச்சுலேர்ந்தே நடு லேன்ல ஊர்வலம் போவாங்க. எதிர்லேர்ந்து ஒருத்தன் அதே மாதிரி ஊர்வலம் வந்தா? நேருக்கு நேர்.

ஆர்டிஸ்: உன் அண்ணன் மாதிரி.

டுவேன்: அவன் கதை வேற. அவன் ஓட்டக் கத்துக்கிட்ட காலத்துல நடு லேன் முந்திப் போறதுக்குத்தான் இருந்துச்சு. சாகற வரைக்கும் அவனுக்கு மனசு ஒப்பல... நீ மெதுவாப் போறியா, இல்ல எனக்கு மட்டும் அப்படித் தெரியுதா?

ஆர்டிஸ்: முன்னாடி பாரு. சோளம் அறுக்கிற மெஷின் போகுது. பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு.

டுவேன்: யாரோடது? ஹென்றியோடதா?

ஆர்டிஸ்: அவனோட மகனோடது. கையைத் தூக்குறான் பாரு. நீயும் தூக்கு.

டுவேன்: தூக்கிட்டேன். எந்தப் பக்கம் இருக்கான்?

ஆர்டிஸ்: இடது பக்கம். கண்ணாடியில பார்த்துக் கை காட்டினான். நீ மளிகைக் கடையைப் பார்த்துக் கையை ஆட்டுற.

டுவேன்: ...சரி, விடு. மளிகைக் கடையிலயும் தெரிஞ்சவங்க இருப்பாங்க.

ஆர்டிஸ்: தலையைத் திருப்பிப் பாரு டுவேன். டாக்டர் சொன்னார்ல, இடது பக்கம் வேணும்னா தலையையே திருப்பணும்னு.

டுவேன்: அதுதான் எனக்குப் பிடிக்கல.

ஆர்டிஸ்: எது?

டுவேன்: நாப்பத்தஞ்சு வருஷம் நான் ஓட்டினேன், நீ என் வலது பக்கம் உட்கார்ந்த. சும்மா ரோட்டைப் பார்த்துட்டிருந்தாலே ஓரக்கண்ணுல நீ இருப்ப. முடியைக் கோதிட்டு, பைக்குள்ள எதையோ தேடிட்டு. இப்ப நீ ஓட்டுற. என் இடது பக்கம் இருக்க. தலையைத் திருப்பினாத்தான் நீ இருக்கிறதே தெரியுது.

ஆர்டிஸ்: ...பேசிட்டே வர்றேன்ல. சத்தம் வருதுல்ல.

டுவேன்: வருது. அதுக்குத்தான் உன்கூடச் சண்டை போட்டுட்டே வர்றேன்.

ஆர்டிஸ்: ஓ, அதுக்குத்தானா. நான் கூட நிஜமாவே திட்டுறியோன்னு நினைச்சேன்.

டுவேன்: பாதி நிஜம். இண்டிகேட்டரை நிறுத்து. மளிகைக் கடைக்கு நேத்தே திரும்பியாச்சு. இன்னைக்கு பெக்கி கடை. பழம் வச்சுச் சுட்ட பை பலகாரம் வாங்கணும்.

ஆர்டிஸ்: இண்டிகேட்டர் போட்டதே எனக்குத் தெரியல.

டுவேன்: அதான் பார்த்தேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே கை தானாப் போகுது. நல்ல முன்னேற்றம்.

ஆர்டிஸ்: ...வாத்தியார் அப்படி.

டுவேன்: சனிக்கிழமை ஜனெல் பின்சீட்டுல உட்கார்ந்து மார்க் போடப் போறா. விமானத்தை விட்டு இறங்கினதும் முதல் வேலையா "அம்மா, நடு லேன்ல திரும்பி வீட்டுக்கு ஓட்டிக் காட்டு"ன்னுதான் கேப்பா. நீ திரும்பலைன்னா...

ஆர்டிஸ்: வீட்டை வித்துட்டு ஃபீனிக்ஸ். அவ வீட்டுக்குப் பக்கத்துல ஒரு அடுக்குமாடியில ரெண்டு அறை. நீச்சல் குளம் இருக்காம்.

டுவேன்: எனக்கு எதுக்கு நீச்சல் குளம்? இடது பக்கச் சுவர் எங்க இருக்குன்னே தெரியாது. நீந்திட்டே பக்கத்து வீட்டுக்குப் போயிடுவேன்.

ஆர்டிஸ்: அவ சொல்றதுலயும் தப்பு இல்ல. நம்ம தெருவுக்குத் திரும்பணும்னா இடது. டாக்டர்கிட்ட இடது. சர்ச்சுக்கு இடது. இந்த லேன்ல நிக்காம போகணும்னா சுத்திப் போய்த் தண்டவாளத்தைத் தாண்டணும். அறுவடை மாசத்துல சோள ரயில் வந்து நின்னுதுன்னா...

டுவேன்: நின்னதுதான். போன வாரம் பாஸ்டர் வீட்டம்மா என்னைக் கூட்டிட்டு வர்றப்ப, வண்டியிலேயே அவங்க ஒரு காலுறை பின்னி முடிச்சுட்டாங்க.

ஆர்டிஸ்: அவங்களையும் எத்தனை நாளைக்குக் கேக்குறது.

டுவேன்: அதான். நீ திரும்பினா வீடு. திரும்பலைன்னா நீச்சல் குளம். பதட்டப்படாம ஓட்டு.

ஆர்டிஸ்: நல்லா தைரியம் சொல்ற.

டுவேன்: இதோ வருது பார், வங்கி. அங்க வேகத்தைக் குறை.

ஆர்டிஸ்: வங்கிக்கு எதுக்கு?

டுவேன்: சும்மா. அந்த வாசலுக்கு நேரா நடு லேன்லதானே நீ ஜனெலைப் பத்திச் சொன்ன.

ஆர்டிஸ்: அன்னைக்கு மழை.

டுவேன்: வைப்பர் ஒண்ணு வேலை செய்யல. எதிர்ல வண்டி வந்துட்டே இருக்கு. "டுவேன், நமக்கு மார்ச் மாசம் ஒரு ஆள் வரப்போகுது"ன்ன. நான் உங்க அத்தை வர்றாங்கன்னு நினைச்சேன்.

ஆர்டிஸ்: "எத்தனை நாள் தங்குவாங்க?"ன்னு கேட்ட.

டுவேன்: நீ "பதினெட்டு வருஷம்"ன்ன.

ஆர்டிஸ்: அப்புறம் எதிர்ல வண்டியே இல்ல. ரோடு காலியாக் கிடக்குது. நீ திரும்பாம உட்கார்ந்திருந்த.

டுவேன்: பின்னாடி ஒருத்தர் வந்து நின்னார். பாவம், ஹாரன் அடிக்கல. அப்பல்லாம் யாரும் அடிக்க மாட்டாங்க.

ஆர்டிஸ்: இப்பவும் அடிக்க மாட்டாங்க. முறைக்கக்கூட மாட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காபி குடிக்கும்போது, "வண்டி ஏதாவது ரிப்பேரா?"ன்னு கேப்பாங்க.

டுவேன்: ஆமா, கேட்டார். ... யோசிச்சுப் பாரு, நாம பேசினதெல்லாம் இந்த லேன்லதான். உங்க அப்பாவை மருத்துவமனையில சேர்க்கணும்னு முடிவு பண்ணினது இங்கதான். நாய் வாங்க வேணாம்னு முடிவு பண்ணினது, வாங்கினது...

ஆர்டிஸ்: நான் வேணும்னேதான் இங்க வந்து சொல்வேன்.

டுவேன்: என்னது?

ஆர்டிஸ்: வீட்டுல சொன்னா, "கொட்டகையில வேலை இருக்கு"ன்னு எந்திரிச்சுப் போயிடுவ. இந்த லேன்ல மாட்டிக்கிட்டா எங்க போவ? முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் போக முடியாது. கேட்டுத்தானே ஆகணும்.

டுவேன்: அடிப்பாவி. நான் என்னமோ தற்செயல்னு இத்தனை வருஷம்...

ஆர்டிஸ்: தற்செயலா உனக்கு என்ன நடந்திருக்கு, என்னைத் தவிர.

டுவேன்: அதுவும் இந்த லேன்லதான்.

ஆர்டிஸ்: ஆரம்பிச்சுட்டியா. இந்தக் கதையை ஜனெலே பாதித் தூக்கத்துல ஒப்பிப்பா.

டுவேன்: நான் உனக்கா சொல்றேன்? எனக்கே சொல்லிக்கிறேன். அந்தக் கோடையிலதான் ரோட்டை அகலப்படுத்தி மஞ்சக் கோடு போட்டாங்க. ஊர்ல ஒருத்தருக்கும் அது எதுக்குன்னு தெரியாது.

ஆர்டிஸ்: பேப்பர்ல படம் போட்டு விளக்கம் போட்டாங்க. எங்க அப்பா அந்தப் பேப்பர்லதான் கோழிக்குஞ்சை வச்சார்.

டுவேன்: விவசாயிங்கதான் முதல்ல புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்களுக்குப் புரிஞ்சது வேற. மண் ரோட்டுல ரெண்டு பேர் எதிரும் புதிருமா வந்தா, ஜன்னலோட ஜன்னல் வச்சு நிறுத்திப் பேசுவாங்கல்ல...

ஆர்டிஸ்: அதுக்குத்தான் அரசாங்கம் நடுவுல தனியா இடம் விட்டிருக்குன்னு நினைச்சுட்டாங்க.

டுவேன்: ஆல்வினும் ஹெரால்டும் நடு லேன்ல ரெண்டு வண்டியையும் நிறுத்தி அரை மணி நேரம் பன்னி விலை பேசினாங்க. போலீஸ்காரர் வந்தார். அதட்டுவார்னு பார்த்தா, அவரும் இறங்கி ஜன்னல்ல கையை வச்சுக்கிட்டு, "உங்க பக்கம் மழை உண்டா?"ன்னு...

ஆர்டிஸ்: ஹெரால்டு சாகுற வரைக்கும் அந்த லேனைப் "பேசுற லேன்"னுதான் சொல்வார்.

டுவேன்: நாம மட்டும் என்ன பண்ணினோம்? அதையேதானே பண்ணினோம்... சரி, அன்னைக்கு. நான் பந்து உருட்டிக் கட்டை சாய்க்கிற பௌலிங் கூடத்துக்குப் போறேன். நடு லேன்ல நுழைஞ்சுட்டேன். சீக்கிரமாவே நுழைஞ்சுட்டேன், ஒத்துக்குறேன். எதிர்லேர்ந்து ஒரு பச்சை பிக்கப் வண்டி. அதுவும் நடு லேன்ல.

ஆர்டிஸ்: நானும் சீக்கிரமா நுழைஞ்சுட்டேன். யாருக்குத் தெரியும்.

டுவேன்: உன் ஐஸ்கிரீம் கடை வாசல் எனக்குப் பின்னாடி. என் பௌலிங் வாசல் உனக்குப் பின்னாடி. மூக்கோட மூக்கு இடிக்கிற மாதிரி நிக்கிறோம். ஒருத்தர் விலகினாத்தான் இன்னொருத்தர் போக முடியும்.

ஆர்டிஸ்: நான் ஸ்டீயரிங்லேர்ந்து நாலு விரலைத் தூக்கி, நீங்க போங்கன்னு காட்டினேன்.

டுவேன்: நானும் நாலு விரலைத் தூக்கினேன், நீங்க போங்கன்னு.

ஆர்டிஸ்: நான் மறுபடி தூக்கினேன்.

டுவேன்: நானும் மறுபடி.

ஆர்டிஸ்: ஒருத்தரும் போகல. கடையில எனக்கு வேலைக்கு நேரமாச்சு. அப்பவும் போகல. அம்மா அப்படி வளர்த்துட்டாங்க.

டுவேன்: கடைசியில நான்தான் விட்டுக்கொடுத்தேன். பின்னாடி எடுத்தேன்.

ஆர்டிஸ்: எங்க எடுத்த? பொய். நீ வண்டியை விட்டு இறங்கின. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, நடு ரோட்டுல நடந்து வந்து, என் ஜன்னல்ல நின்னு, "நீங்க முதல்ல போங்க"ன்ன.

டுவேன்: நீ, "இல்லைங்க, நீங்கதான் முதல்ல வந்தீங்க"ன்ன.

ஆர்டிஸ்: "பரவாயில்லைங்க, எனக்கு அவசரம் இல்லைங்க"ன்ன. முகமெல்லாம் வெயில்ல சிவந்து... அப்புறம், "கடை எத்தனை மணிக்கு மூடுவீங்க?"ன்ன.

டுவேன்: தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்.

ஆர்டிஸ்: முதலாளி ஏன் லேட்டுன்னு கேட்டார். "ஒருத்தர் எனக்கு வழி விட்டார், நான் அவருக்கு வழி விட்டேன், அதனால லேட்டாயிடுச்சு"ன்னேன். சம்பளத்துல பிடிக்கல. ஞாயமான காரணம்னுட்டார்.

டுவேன்: அந்தக் கடை இப்ப என்ன?

ஆர்டிஸ்: பல் டாக்டர்.

டுவேன்: ஐஸ்கிரீம் கடையில பல் டாக்டர். பொருத்தம்தான்.

ஆர்டிஸ்: பௌலிங் இருந்த இடத்துல ஒண்ணும் இல்ல. புல்லு முளைச்சுக் கிடக்கு.

டுவேன்: ம்... அடுத்து டயர் கடை வரும். சொல்லட்டுமா வேணாமா?

ஆர்டிஸ்: சொல்லாதே.

டுவேன்: உனக்குப் பயம் பிடிச்ச இடம். அந்த லாரி உன் மேல ஏற வந்த இடம். அதைத் தாண்டினாத்தான் பயம் தெளியும்னு புஸ்தகத்துல போட்டிருக்கான்.

ஆர்டிஸ்: எந்தப் புஸ்தகம்?

டுவேன்: ஏதோ ஒண்ணு. என்ன லாரி அது?

ஆர்டிஸ்: சிவப்பு லாரி. ஜல்லி ஏத்தினது.

டுவேன்: போன தடவை பால் லாரின்ன.

ஆர்டிஸ்: ...பால் லாரி சிவப்பா இருக்கக் கூடாதா?

டுவேன்: இருக்கலாம். அதுல ஜல்லி ஏத்திட்டு வந்திருக்கான். சரி.

ஆர்டிஸ்: டுவேன், உயிர் போற பயத்துல இருக்கிறவ லாரியோட கலரையா பார்த்துட்டிருப்பா?

டுவேன்: அதுவும் சரிதான். எந்த வருஷம் அது? ஆலை மூடின வருஷம். அதுக்கு அடுத்த குளிர்காலம்தானே உன் சிநேகிதி ஜாய்ஸ் பனியில வழுக்கி மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டா?

ஆர்டிஸ்: ஆமா, அந்தக் குளிர்காலம்தான். பாவம், ஜாய்ஸ். போயிட்டா.

டுவேன்: கையில கட்டு. அவளை யாரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க அப்ப?

ஆர்டிஸ்: யாரோ... அவ எதிர்வீட்டுக்காரங்கன்னு நினைக்கிறேன். ஏன் இப்ப அதெல்லாம்? ரோட்டைப் பாரு.

டுவேன்: நான் பார்த்து என்ன பண்ண? நீ பாரு.

ஆர்டிஸ்: அந்தக் குளிர்காலத்தை நினைச்சாலே எனக்கு ஆகாது.

டுவேன்: எனக்கும்தான்.

ஆர்டிஸ்: இருபத்தொம்பது வருஷம் டிராக்டர் செஞ்ச மனுஷன் நீ. ஆலை மூடின மறுநாள் கீழ் அறைக்கு இறங்கிப் போயிட்ட. விளக்கு போடல. டிவி போடல. நான் சூப் கொண்டு வந்து வச்சா, வச்ச இடத்துலயே ஆறிக் கிடக்கும்.

டுவேன்: சூப் நல்லா இல்ல.

ஆர்டிஸ்: விளையாடாதே. மேல நின்னுக்கிட்டுக் காது கொடுத்துக் கேப்பேன். மூச்சுச் சத்தமாவது வருதான்னு. படி இறங்கி வரவும் பயம், வராம இருக்கவும் பயம். ஜனெல்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல.

டுவேன்: ...எனக்குத் தெரியும்.

ஆர்டிஸ்: என்ன தெரியும்?

டுவேன்: மேல நின்னு கேட்டது. அந்தப் பலகை கிரீச்சுன்னு கத்தும். நீ நிக்கிறேன்னு தெரியும்.

ஆர்டிஸ்: தெரிஞ்சும் மேல வரலையே நீ.

டுவேன்: வந்து என்ன பண்றது? எங்கயும் போக வேண்டியது இல்லாத ஆளுக்குப் படி ஏறுறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு நாள் நீ வந்து அழுத. "நடு லேன்ல சாகப் பார்த்தேன், இனிமே அந்த ரோட்டுல வண்டி எடுக்க மாட்டேன், நீதான் ஓட்டணும்"ன்னு.

ஆர்டிஸ்: ஆமா.

டுவேன்: திங்கள் பாட்டுப் பயிற்சி. செவ்வாய் போர்வை தைக்கிற கூட்டம். வியாழன் முடி. அப்பப்ப நூல் கடை. இவ்வளவு வேலை இவளுக்கு எப்படிடா வந்துச்சுன்னு யோசிப்பேன்.

ஆர்டிஸ்: நீ மட்டும் என்ன? முதல் வாரம் வண்டிக்குள்ளயே உர்ருன்னு உட்கார்ந்திருந்த. அடுத்த வாரம் சலூனுக்குள்ள வந்து காபி கேட்ட. ஒரு மாசத்துல அங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாரோட மூட்டுவலியும் உனக்கு அத்துப்படி.

டுவேன்: டோனாவுக்கு இடது முட்டி. கரோலுக்கு ரெண்டும்.

ஆர்டிஸ்: போர்வைக்குத் துணி வெட்டிக் கொடுத்த. கிறிஸ்துமஸ் நாடகத்துல ஒட்டகத்துக்குப் பின்னங்கால் ஆன.

டுவேன்: நல்ல பின்னங்கால். எல்லாரும் சொன்னாங்க.

ஆர்டிஸ்: எனக்கு அது போதும். ...ஆகஸ்டுல உனக்கு இடது பக்கப் பார்வை போனதும் மறுபடி கீழ் அறைக்கு இறங்க ஆரம்பிச்ச. தட்டுல பாதியைச் சாப்பிட்டுட்டு, முடிச்சுட்டேன்ன. இடது பக்கம் கிழங்கு அப்படியே கிடக்கும். நான் தட்டைத் திருப்பி வைப்பேன்.

டுவேன்: அதுவும் தெரியும். அதிசயத் தட்டுன்னு நினைச்சுக்குவேன். காலியாகும், மறுபடி கிழங்கு வரும்.

ஆர்டிஸ்: சிரிக்க வைக்காதே, லேன்ல நுழையணும். பெக்கி கடை வந்துடுச்சு.

டுவேன்: சரி. கண்ணாடி பாரு. தோளுக்கு மேல திரும்பிப் பாரு. இண்டிகேட்டர்.

ஆர்டிஸ்: போட்டாச்சு.

டுவேன்: முழுசா உள்ள வா. பாதி உடம்பை வெளிய விட்டுட்டு நிக்காதே. பின்னாடி வர்றவன் வாலை இடிச்சுட்டுப் போயிடுவான்.

ஆர்டிஸ்: வந்தாச்சு. நேரா நிக்கிறேன். சக்கரத்தைத் திருப்பி வைக்கல, யாராவது பின்னாடி இடிச்சாலும் எதிர் லேன்ல போய் விழ மாட்டோம்.

டுவேன்: ...அதை நான் இன்னும் சொல்லித் தரவே இல்லையே.

ஆர்டிஸ்: சொன்ன. நேத்து.

டுவேன்: சொன்னேனா? சரி. வயசாகுது.

ஆர்டிஸ்: அட கடவுளே. டுவேன், எதிர்ல பாரு.

டுவேன்: என்ன?

ஆர்டிஸ்: ஒரு சின்ன வெள்ளை வண்டி. நடு லேன்லயே ஊர்வலமா வருது. நமக்கு நேரா வந்து நின்னுடுச்சு. ஒரு பொண்ணு.

டுவேன்: அவளுக்கு எங்க போகணும்?

ஆர்டிஸ்: நமக்குப் பின்னாடி இருக்கிற மருந்துக் கடைக்கா இருக்கும். நாலு விரலைத் தூக்குறா. நம்மளைப் போகச் சொல்றா.

டுவேன்: நீ என்ன பண்ணின?

ஆர்டிஸ்: நானும் தூக்கிட்டேன். நீ போன்னு.

டுவேன்: அவ?

ஆர்டிஸ்: மறுபடி தூக்குறா.

டுவேன்: போக மாட்டா. நம்ம ஊர்ப் பொண்ணு.

ஆர்டிஸ்: நானும் போக முடியாது, அவளைக் காக்க வச்சுட்டு எப்படி...

டுவேன்: நான் வேணும்னா இறங்கிப் போய்ச் சொல்லட்டுமா?

ஆர்டிஸ்: நீ பேசாம உட்காரு. ஒரு தடவை இறங்கி வந்துதான் நான் இப்படி மாட்டிக்கிட்டேன்.

டுவேன்: தொப்பிகூட இருக்கு.

ஆர்டிஸ்: உட்காருன்னேன். மூலையில சிக்னல் சிவப்பு ஆகட்டும். அந்தப் பக்கம் வண்டியெல்லாம் நின்னா இங்க ஒரு இடைவெளி வரும்... சோள லாரி போகட்டும்... அந்த நீல வண்டியும் போகட்டும்... இதோ.

டுவேன்: ஆர்டிஸ்...

ஆர்டிஸ்: அவ்வளவுதான். வந்தாச்சு. அந்தப் பொண்ணும் திரும்பிட்டா. கையை ஆட்டிட்டுப் போறா.

டுவேன்: ...பெக்கி கடை வாசல் இன்னும் தள்ளி இல்ல இருக்கு?

ஆர்டிஸ்: அது பெரிய வாசல். அதுக்குப் போகணும்னா அவ வண்டியைத் தாண்டணும். இது பின்பக்கச் சின்ன வாசல். மேப்பிள் மரத்துக்குப் பின்னாடி.

டுவேன்: மரத்துக்குப் பின்னாடி வாசல் இருக்குன்னு ரோட்டுலேர்ந்து தெரியாதே.

ஆர்டிஸ்: ...இலையெல்லாம் உதிர்ந்துடுச்சுல்ல. தெரிஞ்சுது.

டுவேன்: ம். உதிர்ந்துடுச்சுதான்.

ஆர்டிஸ்: இரு, நான் போய் பை வாங்கிட்டு வர்றேன். ருபார்பா, ஆப்பிளா?

டுவேன்: அப்புறம் வாங்கலாம். கொஞ்ச நேரம் உட்காரு. இன்ஜினை அணைச்சுடு.

ஆர்டிஸ்: என்ன? தலை சுத்துதா?

டுவேன்: இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.

ஆர்டிஸ்: டுவேன்... சனிக்கிழமை அவ பின்சீட்டுல இருக்கும்போது தடுமாறிட்டேன்னா?

டுவேன்: தடுமாற மாட்ட.

ஆர்டிஸ்: இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்ற? ஒரு வாரமாத்தானே கத்துக்கிறேன்.

டுவேன்: வாத்தியார் அப்படி.

ஆர்டிஸ்: திரும்பும்போது நீ கண்ணை மூடிக்கிட்ட. பார்த்தேன். பயந்துட்டுத்தானே மூடின?

டுவேன்: பயமெல்லாம் இல்ல. கண்ணை மூடிக்கிட்டு உட்காரலாம்னு தெரியும், அதான் மூடினேன்.

ஆர்டிஸ்: புரியல.

டுவேன்: ரே கடையில முடி வெட்டுறப்ப, அவன் நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பான், ஞாபகம் இருக்கா?

ஆர்டிஸ்: ரோட்டைப் பார்த்து. போற வர்றவங்களைப் பத்திப் பேசணும்ல அவனுக்கு. எதுக்கு இப்ப ரே?

டுவேன்: அவன் கடைக்கு எதிர்லதான் நூல் கடை. ஜாய்ஸ் கையில கட்டோட இருந்த சமயம். நான் உன்னைக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சு ரெண்டு மாசம் இருக்கும். கழுத்துல துணியைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். ஜாய்ஸோட நீல வண்டி வருது.

ஆர்டிஸ்: டுவேன்...

டுவேன்: ஜாய்ஸ் கட்டுக் கையோட இந்தப் பக்கம். ஓட்டுற பக்கம் ஒரு அம்மா. ஒரு கை ஸ்டீயரிங்ல. இன்னொரு கையில டோனட். ரெண்டு பேரும் எதுக்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. அந்த அம்மா நடு லேன்ல பூ மாதிரி நுழைஞ்சு, சக்கரத்தை நேரா வச்சு நின்னு, மூலையில சிவப்பு விழுந்ததும் திரும்பிப் போயிட்டாங்க. டோனட்ல ஒரு துணுக்குகூடக் கீழ விழல. ரே கேட்டான், "அது ஆர்டிஸ் இல்ல?"

ஆர்டிஸ்: ...நீ என்ன சொன்ன?

டுவேன்: "இல்லப்பா, யாரோ அவளை மாதிரி. என் பொண்டாட்டிக்கு அந்த லேன்னாலே நடுக்கம். நான்தான் ஓட்டியாகணும்"னேன்.

ஆர்டிஸ்: பதினஞ்சு வருஷம். ஒரு தடவைகூட என்கிட்ட கேக்கலையே நீ.

டுவேன்: கேட்டிருந்தா நீ உண்மையைச் சொல்லியிருப்ப. மறுநாள் காலையில நான் எந்திரிச்சு எங்க போயிருப்பேன்? ...அழாதே, தலையைத் திருப்பாமலே தெரியுது. இன்ஜினைப் போடு. வெளிய வர்றது எப்படின்னு இன்னும் சொல்லித் தரல. இடது பக்கம் நீ பாரு, வலது பக்கம் நான் பார்த்துச் சொல்றேன்.